பல்லுக்குக் கம்பி போடுமுன்

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, பிள்ளையின் கையைப் பிடித்தபடி சற்று ஒதுங்கி நிற்கும் தாய்மாரை நாம் அடிக்கடி காண்கிறோம். சனம் கலைந்த பின்னர் மெதுவாகக் கேட்பார்கள்: “பாதர், இவளுக்குப் பல்லு மிதந்து கிடக்கு. கம்பி போட்டால் சரிவரும் எண்டு சொல்லுகினம். போடலாமோ?” பிள்ளை உடனே வாயைக் கையால் பொத்திக்கொள்ளும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதை நாம் அறிவோம். ஒன்று காசு. மற்றது, நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தால் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

இதற்கு உடனே ‘ஓம்’ என்று சொல்லிவிடக்கூடாது என்பதை நாம் ஒரு பிழை விட்டுத்தான் படித்தோம். அந்தப் பிழையைக் கீழே சொல்கிறோம். அதற்கு முன் பல் ஏன் வரிசை தவறுகிறது, கம்பி அதை எவ்வாறு நகர்த்துகிறது என்பவற்றை விளங்கிக்கொள்வது நல்லது. விளங்கினால், எங்கே பணத்தைச் செலவழிக்க வேண்டும், எங்கே செலவழிக்கவே தேவையில்லை என்பது தானாகத் தெரியவரும்.

பல் ஏன் வரிசை தவறுகிறது?

பரம்பரை ஒரு காரணம். தந்தையின் பெரிய பல்லும் தாயின் சிறிய தாடையும் ஒரே பிள்ளைக்கு வாய்த்தால் இடம் போதாது. பத்துக் கன்று நடக்கூடிய வரிசையில் பன்னிரண்டை நட்டது போல ஒன்றையொன்று நெருக்கும். இதைத் தடுக்க எம்மால் முடியாது. நான்கு, ஐந்து வயதைத் தாண்டியும் விடாத விரல் சூப்பும் பழக்கம் மேல் முன்பற்களை வெளியே தள்ளும். இது பெரும்பாலும் தடுக்கக்கூடியது.

மூன்றாவது காரணத்தைப் பற்றியே நாம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் எமது குடும்பங்களில் அதுவே அதிகம் கவனியாமல் விடப்படுகிறது. அதுதான் பாற்பல் காலத்துக்கு முன்பே போய்விடுவது. “விழுகிற பல்லுத்தானே” என்று எம்மவர் பாற்பல்லின் சூத்தையைப் பொருட்படுத்துவதில்லை. நோ தாங்க முடியாமற் போனதும் பிடுங்குவித்துவிடுவார்கள். ஆனால் இருபது பாற்பற்களும் மெல்லுவதற்கு மட்டும் இல்லை. பின்னால் வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவைதான். பின்பக்கத்துப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. ஆறு, ஏழு வயதில் ஒன்றைப் பிடுங்கிவிட்டால் அதற்குப் பின்னால் முளைத்த பல் முன்னோக்கிச் சரிந்து அந்த இடத்தைப் பிடித்துவிடும். பின்பு உரிய பல் வரும்போது அதற்கு நிலமில்லை. தன் காணியில் வேறொருவர் குடியிருக்கக் கண்டவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு வயதளவில், பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், மேலும் கீழும் இரு பக்கமுமாக நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கும். எந்தப் பாற்பல்லும் விழாமலே அவை வருவதால் பெற்றோர் பலர் அவற்றையும் பாற்பல் என்றே எண்ணிக்கொள்கின்றனர். அவை நிரந்தரப் பற்கள். போனால் போனதுதான். வாயின் முழு வரிசைக்கும் அவைதான் மூலைக்கல். பிள்ளைக்கு ஆறு வயதானதும் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். அப்பற்களில் கறுப்புக் குழி தென்பட்டால் அன்றே பாடசாலைப் பற்சிகிச்சையாளரிடமோ, அருகிலுள்ள அரச வைத்தியசாலைப் பல் வைத்தியரிடமோ காட்டி அடைப்பிக்க வேண்டும். நாளைய கம்பிச் செலவை மிச்சப்படுத்தும் வழிகளில் இதைவிட மலிவானது இல்லை.

தேவையில்லாத பயம் ஒன்றும் உண்டு. ஏழு முதல் பத்து, பதினொரு வயது வரையான பிள்ளைகளின் மேல் முன்பற்கள் விரிந்து, நடுவில் ஒரு நீக்கல் தெரிவது சாதாரணம். வேட்டைப்பற்கள் உள்ளே இறங்கி வருகையில் அயற்பற்களின் வேரை நெருக்குவதால் அப்படித் தோன்றும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் அவை வெளியே வந்ததும் நீக்கல் பெரும்பாலும் தானே மூடிவிடும். இந்த வயதுப் பிள்ளையைப் பார்த்து “அசிங்கமாய்ப் போச்சுது” என்று பெரியவர்கள் சொல்வதுதான் உண்மையில் அசிங்கம்.

கம்பி பல்லை எப்படி நகர்த்துகிறது?

வேலிச் சண்டை தெரியாதவர் எம்மில் இல்லை. ஒரே இரவில் வேலியைப் பிடுங்கி அப்பால் நட்டால் அயலவர் பொல்லோடு வந்துவிடுவார். ஆனால் வருடத்துக்கு ஒரு விரற்கடையாகக் கதியாலை நகர்த்துபவரை எவரும் கண்டுகொள்வதில்லை. கம்பி செய்வதும் ஏறக்குறைய இந்த இரண்டாவது ஆளின் வேலைதான்.

பல் தாடையெலும்பில் சீமெந்து வைத்துப் பதித்தது போல இருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே, ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்களவு தடிப்பான மெல்லிய நார்ப்படை உண்டு. அதில் இரத்தம் ஓடுகிறது, உயிர் இருக்கிறது. ஒரு பல்லை ஒரு பக்கமாகச் சிறு விசையால் இடைவிடாமல் தள்ளினால், தள்ளப்படும் பக்கத்து எலும்பை உடலே மெதுவாகக் கரைத்து வழிவிடும். இழுபடும் பக்கத்தில் புது எலும்பை உண்டாக்கி நிரப்பும். பல் இவ்வாறுதான் எலும்பினூடாக நடக்கிறது. அதன் வேகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். ஒரு பல்லைப் பிடுங்கிய ஏழு மில்லிமீற்றர் இடைவெளியை மூடவே ஏழெட்டு மாதம் தேவை. முழுச் சிகிச்சைக்கு ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம், சிலருக்கு அதற்கும் மேல்.

“கொஞ்சம் இறுக்கிவிட்டால் கெதியில் முடியாதோ?” என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. விசை கூடினால் நார்ப்படையின் இரத்தவோட்டம் நெரிபட்டு நின்றுவிடும். அப்போது பல் நகர்வது வேகமாவதற்குப் பதில் தாமதமாகும். வேரின் நுனி கரைந்து கட்டையாகவும் கூடும். இறுக்கிய பின் இரண்டு மூன்று நாட்களுக்கு மெல்ல முடியாமல் நோவது வழமை. கஞ்சியும் பரசிற்றமோலும் போதும். நோ ஒரு கிழமைக்கு மேல் நீடித்தால் போய்க் காட்ட வேண்டும்.

இந்த வித்தை நேற்று வந்ததில்லை. பாரிசில் பல் வைத்தியராயிருந்த பியர் ஃபோஷார் 1728 இல் வெளியிட்ட நூலில், துளையிட்ட உலோகப் பட்டியொன்றைப் பல்வரிசையோடு வைத்து, கோணிய பற்களை நூலால் அதனுடன் கட்டி இழுக்கும் முறையை எழுதினார். பல்லைக் குறட்டால் ஒரேயடியாக நெம்பி நேராக்குவதும் அக்காலத்தில் நடந்தது. அந்த வேதனையை எண்ணிப் பாருங்கள்! இன்றைய கம்பியின் தந்தை எனத்தக்கவர் அமெரிக்கரான எட்வேட் ஆங்கிள். 1928 இல் அவர் அறிமுகம் செய்த அமைப்பில் ஒவ்வொரு பல்லின் முகத்திலும் செவ்வகப் பள்ளமுள்ள ஒரு சிறு உலோகத் துண்டு இருந்தது. வைத்தியர்கள் அதைப் பிறக்கெற் என்பார்கள். அந்தப் பள்ளத்தினூடாகக் கம்பி ஓடும். பள்ளத்தின் அகலம் இன்றும் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 18 அல்லது 22 பங்குதான். அக்காலத்தில் தங்கக் கலவையைப் பாவித்தார்கள், ஒவ்வொரு பல்லையும் சுற்றி வளையமும் போட்டார்கள். அது செல்வந்தர் வீட்டுச் சங்கதி. பின்னர் துருப்பிடிக்காத உருக்கு வந்தது. பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் அதில் பசை பிடிக்கும் என்று 1955 இல் புவோனோகோர் என்ற பல் வைத்தியர் காட்டினார். அதன் பயனாக 1970களில் இருந்து வளையத்துக்குப் பதிலாகப் பிறக்கெற்றைப் பல்லிலேயே ஒட்டத் தொடங்கினர். நிக்கலும் தைத்தேனியமும் கலந்த கம்பி அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் பிறந்து, அதே 1970களில் பல் வைத்தியத்துக்கு வந்தது. எப்படி வளைத்தாலும் தன் பழைய உருவுக்கே மெல்லத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. அந்தத் திரும்புதல்தான் பல்லை இழுக்கும் மென்மையான விசை. (மலிவான காப்பு, தோடு போட்டால் தோல் கடிக்கும் பிள்ளைகளுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். இதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.)

சில பிள்ளைகளுக்கு நல்ல பற்கள் நான்கைப் பிடுங்க வேண்டும் என்பார்கள். பெற்றோர் இதைக் கேட்டுத் திடுக்கிடுவது நியாயமே. ஆங்கிளே எந்தப் பல்லையும் பிடுங்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவர்தான். ஆனால் அவரது மாணவரான சார்ள்ஸ் ட்வீட், பிடுங்காமல் நெருக்கி அடுக்கிய பற்கள் பல பின்பு குலைந்துபோவதைக் கண்டார். அந்த நோயாளரில் பலருக்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு மீண்டும் சிகிச்சை செய்து, முடிவுகளை 1940களில் வெளிப்படுத்தினார். இன்று எக்ஸ்றே படமும் பல்லின் அச்சும் எடுத்து அளந்து பார்த்தே தீர்மானிக்கின்றனர். அளவெடுக்காமல், வாயை எட்டிப் பார்த்தவுடனேயே கம்பி போடலாம் என்பவரிடம் அவதானமாக இருங்கள்.

நாம் விட்ட பிழை

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பம் ஒன்று. இப்போது குத்தகைக் காணியில் வெங்காயம் செய்கிறார்கள். அவர்களின் மகளுக்கு மேற்பல் நன்றாக மிதந்திருந்தது. உதடு மூடாது. 2021 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதின்மூன்று வயதில், பட்டினத்தில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் கம்பி போட்டார்கள். முதற் கட்டணத்தில் ஒரு பகுதியை நாம்தான் ஏற்பாடு செய்து கொடுத்தோம். பிள்ளை பூசைக்கு வந்து பளபளக்கச் சிரித்தபோது நாமும் மகிழ்ந்தோம். மாதா மாதம் போய்வரும் செலவை எங்கிருந்து எடுப்பார்கள் என்று நாம் கேட்கவில்லை.

அந்த ஆண்டிலேயே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் விழுந்தது. 2022 இல் நாட்டின் பொருளாதாரமே விழுந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்று பம்பிக்கு எண்ணெய் எடுப்பதா, பிள்ளையைப் பட்டினத்துக்குக் கூட்டிச் செல்வதா என்ற நிலை வந்தபோது தகப்பன் எதைத் தெரிவார்? ஒன்பது மாதம் பிள்ளை சிகிச்சைக்குப் போகவில்லை. அதற்குள் இரண்டு பிறக்கெற் கழன்றன. ஒரு பக்கத்துக் கம்பி வழுகிக் கன்னத்தைக் கிழித்தது. கண்காணிப்பார் இல்லாமலும் கம்பி தன் வேலையைச் செய்துகொண்டே இருந்ததால் ஒரு பல் வேண்டாத பக்கம் திரும்பியது. முரசு வீங்கி இரத்தம் கசிந்தது. பிறக்கெற்றைச் சுற்றிப் பல்லில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. சூத்தை தொடங்குவதன் அடையாளம் அது. மிதந்த பல்லோடு இருந்ததைவிட மோசமான நிலையில்தான் பிள்ளை எம்மிடம் வந்து நின்றது. அவர்கள் எம்மைக் குறை சொல்லவில்லை. அது எமக்கு இன்னும் பாரமாக இருந்தது.

ஆகவே இன்று எம்மிடம் யார் வந்து கேட்டாலும், முதலில் நாம் கேட்பது காசைப் பற்றி இல்லை. இரண்டு வருடத்துக்கு, நான்கு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை, தவறாமல் போக முடியுமா? பஸ் காசு, அன்றைய கூலி இழப்பு, பாடசாலை விடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். தனியார் துறையில் மொத்தச் செலவு ஒரு இலட்சம் ரூபாவை இலகுவில் தாண்டிவிடும். முதற் தவணை அதில் ஒரு துண்டு மட்டுமே. காணி விடுவிப்பு, மீள்குடியேற்றம் என்று இடம் மாறும் வாய்ப்பு இருந்தால், அது தெளியும்வரை பொறுப்பது தவறில்லை. பொறுத்ததால் பல் ஓடிவிடாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். பல்லின் விடயத்தில் அது முழு உண்மையில்லை. முரசும் எலும்பும் சுகமாயிருந்தால் வளர்ந்தவருக்கும் கம்பி போடலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வசதியானது, அவ்வளவுதான்.

போட்ட பின்பு இடம்பெயர நேர்ந்தால், போகுமுன் வைத்தியரைக் கண்டு, செய்த சிகிச்சையின் விபரக் கடிதத்தையும் எக்ஸ்றே படங்களையும் கேட்டு வாங்குங்கள். பிறப்புப் பத்திரத்தோடும் காணி உறுதியோடும் ஒரே உறையில் வையுங்கள். புதிய இடத்து வைத்தியருக்கு அதுதான் வழிகாட்டி. நீண்டகாலம் போக முடியாது என்று தெரிந்தால் கம்பியைக் கழற்றிவிடும்படி கேளுங்கள். கம்பியோடு கைவிடப்பட்ட வாயைவிடக் கோணற்பல் மேல்.

யாருக்குக் கட்டாயம், யாருக்கு வேண்டாம்?

உதடு மூட முடியாத அளவுக்கு மேற்பல் மிதந்திருந்தால் விழுந்தெழும்புகையில் அது உடையும் ஆபத்து அதிகம். கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கினாலும், மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உட்புறமாகக் கடித்தாலும், பதினொரு வயதாகியும் வேட்டைப்பல்லின் தடிப்பு முரசில் தடவத் தெரியாவிட்டாலும் தாமதியாமல் காட்ட வேண்டும். பிளந்த உதடு, பிளந்த அண்ணத்துடன் பிறந்த பிள்ளைகளுக்குக் கம்பி அவர்களின் சிகிச்சையிலேயே ஒரு பகுதி. சிறிய தெத்துப்பல்லால் நோயும் இல்லை, குறையும் இல்லை. அதற்காகத் தாலிக்கொடியை அடகு வைப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம். வன்னியின் சில இடங்களில் கிணற்று நீரின் புளோரைட்டால் பல்லில் விழும் மண்ணிறக் கறையையும் கம்பி போக்காது.

பெரிய அரச வைத்தியசாலைகளில் பல் சீராக்கும் விசேட வைத்தியர்கள் இருக்கிறார்கள். உங்கள் பிரதேச அல்லது ஆதார வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் துண்டு வாங்கிச் செல்லுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. அதனால்தான் பத்து வயதிலேயே பெயரைப் பதிவதைப் பற்றிக் கேட்கச் சொல்கிறோம். சில பிள்ளைகளுக்குக் கழற்றிப் போடும் சாதாரணத் தட்டே போதும் என்று அங்கே சொல்லிவிடவும் கூடும்.

கைத்தொலைபேசியில் பார்த்து, அழகுக்காகக் கம்பி ஒட்டுபவர்களிடம் போகாதீர்கள். தாய்லாந்தில் இளையோரிடையே இது பெருமோகமாகப் பரவி, 2000களின் நடுப்பகுதியில் அரசு தலையிட்டுத் தடுக்க நேர்ந்தது.

போட்டால் காக்கும் முறை

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும், புளோரைட்டு உள்ள பற்பசையும் மென்மையான தூரிகையும் கொண்டு, பிறக்கெற்றின் மேலும் கீழும் தனித்தனியே துலக்க வேண்டும். வேப்பங்குச்சி அந்த இடுக்குகளுக்குள் போகாது. கரியும் உப்பும் வேண்டாம். புழுக்கொடியல், முறுக்கு, எள்ளுருண்டை, கரும்பு, கல்லாக்காரம் எல்லாவற்றையும் கம்பி இருக்கும்வரை மறந்துவிட வேண்டும். எமது பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தபசு! மாங்காய், கொய்யாவைக் கடிக்காமல் சீவித் தின்னலாம். கம்பி குத்தினால் சிகிச்சை நிலையத்தில் தரும் மெழுகை உருட்டி அதன்மேல் அப்புங்கள். இல்லாவிடின், கழுவிய பென்சிலின் அழிறப்பர் முனையால் கம்பியை மெல்லப் பல்லோடு அணைத்துவிட்டு, கூடிய கெதியில் வைத்தியரிடம் போங்கள்.

கம்பி கழன்ற நாளோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கின்றனர். வேரைச் சுற்றியுள்ள நார்கள் பழைய இடத்தை மறப்பதில்லை, பல்லைத் திரும்ப இழுக்கும். புது எலும்பும் இறுக வேண்டும். எனவே பிடிமானத் தட்டு ஒன்றைத் தருவார்கள். தொடக்கத்தில் வைத்தியர் சொல்லும் நேரமெல்லாம், பின்பு இரவில் மட்டும் என வருடக்கணக்கில் போட வேண்டும். அதைக் கடதாசியில் சுற்றி வைத்தால் யாராவது குப்பையென்று எறிந்துவிடுவார்கள். கொதிநீரில் போட்டால் உருக்குலைந்துவிடும்.

மேலே சொன்ன பிள்ளையின் கம்பியை 2022 இன் இறுதியில் அரச வைத்தியசாலையில் கழற்றினார்கள். இரண்டு பற்களை அடைத்து, முரசு ஆற விட்டு, பட்டியலில் சேர்த்தார்கள். முறை வந்தபோது மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இம்முறை பஸ் காசுக்கு ஊர் மாதர் சங்கம் மாதம் மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தது. ஒரு தவணையும் தவறவில்லை. இப்போது தட்டை ஒரு பழைய பால்மாப் பேணியில் சுவாமிப்படத்தடியில் வைத்திருக்கிறாள். சென்ற மாதம் நாம் அங்கே போனபோது, தாய் கடைசிப் பையனை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து வாயைத் திறக்கச் சொன்னார். ஆறு வயது. பின்பக்கத்தில் நான்கு புதுப் பற்கள், ஒரு குழியும் இல்லை.